கொம்புத் தேனும் முடவனும்

'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற் போல' என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. எட்டாத ஒன்றை விரும்புவோனை எள்ளுதற்கு இஃது எடுத்தாளப்படுகின்றது. பள்ளிப் பாடங்களிலும் இதற்கு இடமுண்டு. 'பொருள் கூறி வாக்கியத்தில் அமைக்க' என்னும் வினாவுக்கு மாணாக்கர் இதனை விடையாக எழுதி வருகின்றனர். ஆயின், இப்பழமொழியைச் சற்றே நின்று நோக்குவோமாயின் ஓர் ஐயம் எழும். தேன் எட்டாமற் போனது காலின் குறையினால் மட்டுமோ? இரு கால்களும் நன்கமைந்தவன்கூட வெறுங்கையோடு தேனெடுக்கப் புறப்படுவதில்லை. அவனுக்கும் ஏணி வேண்டும், கயிறு வேண்டும், ஈக்களை விலக்கப் புகை வேண்டும், கீழே நின்று கலம் ஏந்த ஒருவன் வேண்டும். இவையெல்லாம் நடப்பவனுக்குக் கிடைத்து முடவனுக்குக் கிடையாதொழியின், எட்டாமைக்குக் காரணம் காலோ, ஏணி இன்மையோ?

இவ்வினாவை ஆராய்தற்கு இக்காலத்து விளையாட்டுக் களம் ஏற்றதோர் இடமாகும். உடற்குறை உடையோர் உலக அரங்கிற் போட்டியிடும் பராலிம்பிக் விழாவிலே பங்குபெறுவோர் யாவர், பதக்கம் பெறுவோர் யாவர், அதற்கு அவர்தம் குறை எத்துணைக் காரணம், அவரைச் சூழ்ந்துள்ள நிலைமை எத்துணைக் காரணம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். கல்லூரியின் விழா மலருக்கு இப்பொருளைத் தேர்ந்ததன் காரணம் கட்டுரையின் இறுதியிற் புலனாகும்.

சொல்லும் பொருளும்

நம் நாட்டில் முன்னர் 'அங்கவீனர்' என்னும் சொல்லே பெருவழக்காக இருந்தது. பின்னர் 'ஊனமுற்றோர்', 'வலுவிழந்தோர்', 'விசேட தேவையுடையோர்' எனப் பல சொற்கள் வந்தன. தமிழகத்திலே 2010ஆம் ஆண்டளவில் 'மாற்றுத்திறனாளி' என்பது அரச வழக்காயிற்று. இன்று ஈழத்துத் தமிழரும் அதனையே பெரிதும் எழுதுகின்றனர். சொல் மாறுவது நன்றே. எனினும், சொல்லோடு கருத்தும் மாறினாலன்றிப் பயன் விளையாது.

கருத்தில் நேர்ந்த மாற்றம் இதுவாகும். உடலில் உள்ள குறை ஒன்று. அக்குறையுடையோன் எதிர்கொள்ளும் தடை மற்றொன்று. கால் இயங்காமை குறை. மாடிப்படியின்றி வேறு வழியில்லாத வகுப்பறை தடை. கண் தெரியாமை குறை. ஒலியெழுப்பும் பந்து இல்லாமை தடை. ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, இவ்விரண்டும் சேருமிடத்தே இயலாமை பிறக்கின்றது என்று கொள்கின்றது. அதன் 30ஆம் உறுப்புரை, விளையாட்டில் ஏனையோரோடு சமமாகப் பங்குகொள்ளும் உரிமையையும் கூறுகின்றது. இலங்கை 1996ஆம் ஆண்டிலேயே இத்தகையோரின் உரிமைகளைப் பாதுகாக்க 28ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. மேற்கூறிய உடன்படிக்கையை 2016ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. ஆகவே, இது கருணை பற்றிய பேச்சன்று. உரிமை பற்றிய பேச்சாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இவ்விளையாட்டு விழா மருத்துவமனையொன்றிற் பிறந்தது. ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குப் புகலிடம் தேடிவந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் என்பார், இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு முறிந்த படைவீரர்க்கு ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையிற் சிகிச்சை அளித்தார். அத்தகைய நோயாளர் படுக்கையிற் கிடந்து புண்பட்டு விரைவில் இறப்பர் என்பதே அக்காலத்தில் பலரும் கொண்டிருந்த எண்ணம். குட்மன் அதனை ஏற்காது, விளையாட்டையே மருந்தாக வழங்கினார். 1948ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அம்மருத்துவமனை வளாகத்தில் வில்லெய்து போட்டியிட்டனர். 1960ஆம் ஆண்டு உரோமாபுரியில் 23 நாடுகளைச் சேர்ந்த 400 பேர் கூடினர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் 22 விளையாட்டுக்களில் 549 பதக்கப் போட்டிகள் நடைபெற்றன.

இந்தியாவின் முதற் பொற்பதக்கத்தை 1972ஆம் ஆண்டு ஹைடெல்பர்க் நகரில் 50 மீற்றர் நீச்சலில் வென்றவர் முரளிகாந்த் பெட்கர். அவரும் 1965ஆம் ஆண்டுப் போரிற் காயமுற்ற படைவீரரே. இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றியது 1996ஆம் ஆண்டு அட்லாண்டா விழாவிலாகும். போரிற் காயமுற்றோரிடமிருந்து தொடங்கிய இவ்வரலாற்றை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். இதனாற் பின்னர்ப் பயன் உண்டு.

குறையின் வகையும் போட்டியின் வகுப்பும்

இனி, உடற்குறை ஒருவரது வெற்றியை எவ்வாறு பாதிக்கின்றது என்பதைக் காண்போம். பராலிம்பிக் விதிகள் பத்து வகைக் குறைகளை ஏற்கின்றன. தசை வலுக்குறைவு, மூட்டுக்களின் இயக்கக் குறைவு, உறுப்பிழப்பு, கால்களின் நீள வேறுபாடு, குள்ளமான உடல், தசை இறுக்கம், இயக்க ஒருங்கிணைப்பின்மை, தானே நிகழும் உறுப்பசைவு, பார்வைக் குறைவு, அறிவு வளர்ச்சிக் குறைவு என்பன அவை. செவிப்புலன் அற்றோர்க்கு 1924ஆம் ஆண்டிலேயே பாரிசில் தொடங்கிய தனி விழா இருத்தலின், அவர் இப்பட்டியலில் இல்லை.

இருவர் குறை ஒத்திராதாகையால் போட்டியாளர் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றனர். ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் 'டி' என்றும், எறிதலுக்கு 'எஃப்' என்றும் எழுத்துக்கள் உள. அவற்றைத் தொடரும் எண் குறையின் தன்மையைக் காட்டும். குத்துச்சண்டையில் எடை வகுப்பு எத்தகையதோ அத்தகையது இவ்வகுப்பு. நோக்கம், குறையின் அளவன்று, திறமையே வெற்றியைத் தீர்மானிக்க வேண்டும் என்பதாம்.

ஆயினும், இத்தராசு முற்றும் நேர் நிற்பதில்லை. போட்டியாளர் குறைவாயுள்ளபோது இரு வகுப்பினரை ஒரே போட்டியில் நிறுத்துகின்றனர். நம் நாட்டு சமித துலான் கொடித்துவக்கு, சிதைந்த காலோடு, ஆனால் செயற்கைக் காலின்றி ஈட்டி எறிபவர். எஃப் 44 வகுப்பினர். பாரிசில் அவர் செயற்கைக் காலணிந்த எஃப் 64 வகுப்பினரோடு போட்டியிட்டு 67.03 மீற்றர் எறிந்தார். அது அவருடைய வகுப்பில் உலக சாதனை. எனினும், 70.59 மீற்றர் எறிந்த இந்தியரான சுமித் அன்டில் பொற்பதக்கம் பெற, இவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தம் வகுப்பில் உலகில் எவரும் எட்டாத தூரத்தை எட்டியவர்க்கும் இரண்டாமிடமே கிடைத்தது.

போட்டி நடைபெறுமா என்பதும் வீரர் கையில் இல்லை. இராஜஸ்தானத்து தேவேந்திர ஜஜாரியா, எட்டு வயதில் மரமேறியபோது மின்கம்பி தீண்டி இடக்கையை இழந்தவர். 2004ஆம் ஆண்டு ஏதென்சில் ஈட்டி எறிதலிற் பொற்பதக்கம் பெற்றார். அடுத்த இரு விழாக்களிலும் அவருடைய வகுப்புக்கு ஈட்டி எறிதற் போட்டி வைக்கப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து 2016ஆம் ஆண்டு ரியோ நகரில் மீண்டும் பொற்பதக்கம் வென்றார். விளையாட்டு வீரனின் இளமையில் பன்னிரண்டு ஆண்டு என்பது எத்துணை நீண்ட காலம் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க.

பொய்யும் இங்கே நுழைந்தது உண்டு. 2000ஆம் ஆண்டு சிட்னியில், அறிவு வளர்ச்சிக் குறைவுடையோர்க்கான கூடைப்பந்தாட்டத்திற் பொற்பதக்கம் பெற்ற ஸ்பானிய அணியினருட் பெரும்பாலோர்க்கு அத்தகைய குறையே இல்லை என்பது வெளிப்பட்டது. தண்டனை பெற்றவர் அவர் மட்டுமல்லர். 2012ஆம் ஆண்டு வரையில் அக்குறையுடைய உலக வீரர் அனைவர்க்கும் வாயில் அடைக்கப்பட்டது. அவ்வாயில் மீளத் திறந்தமையாலேயே தெலுங்கானாவைச் சேர்ந்த தீப்தி ஜீவாஞ்சி என்னும் பெண், பாரிசில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற முடிந்தது.

குறை உடலினுள்ளே செய்யும் வேலையையும் அறிதல் வேண்டும். முதுகுத்தண்டின் மேற்பகுதி முறிந்தவர்க்குக் கால்கள் இயங்காமை மட்டுமே இடர் என்று எண்ணுதல் தவறு. அவர் எத்துணை முயன்றாலும் இதயத்துடிப்பு ஓரளவுக்கு மேல் உயராது. முறிவுக்குக் கீழே வியர்வை சுரவாமையால் உடல் வெப்பம் தணியாது. நமது கரையோரத்தின் சித்திரை வெயிலில் அத்தகைய ஒருவரைப் பயிற்றுவிக்க வேண்டின், நிழலும் நீரும் ஈரத்துணியும் பயிற்சியின் பகுதியாதல் வேண்டும். நன்கறிந்த பயிற்றுநர் இன்றேல், விளையாட்டே தீங்காக முடியும்.

துணைவரும் வெற்றியின் பங்காளரே. பார்வையற்ற ஓட்டவீரர், வழிகாட்டியோடு ஒரு கயிற்றைப் பற்றி ஓடுவர். பதக்கம் வழிகாட்டிக்கும் உண்டு. பாரிஸ் மரதன் ஓட்டத்தில் ஸ்பானிய வீராங்கனை எலெனா கொங்கோஸ்ட், முடிவுக் கோட்டுக்கு ஓரிரு மீற்றர் தூரத்தே தம் வழிகாட்டி தடுமாறக் கண்டு அவரைத் தாங்குதற்குக் கயிற்றை விட்டார். விதி மீறப்பட்டது என்று வெண்கலப் பதக்கம் மறுக்கப்பட்டது. தமிழ் படிப்போர்க்கு இத்துணை புதிதன்று. கண்ணில்லாதவர் தோளிலே காலில்லாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடிய இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவரை நாம் அறிவோம். ஏகாம்பரநாதர் உலாவை அளித்தவர் அவரே. ஒருவர் குறையை மற்றவர் திறன் நிரப்புமாயின் வழியும் உண்டு, பாட்டும் உண்டு என்பதற்கு அவர் சான்றாவர்.

நம் நாட்டின் ஐந்து பதக்கங்கள்

பாரிஸ் விழா வரையில் இலங்கை பெற்ற பராலிம்பிக் பதக்கங்கள் ஐந்து. 2012ஆம் ஆண்டு இலண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தை 49.28 வினாடியில் ஓடி முதன்முதலாக வெண்கலம் பெற்றுத் தந்தார். தினேஷ் பிரியந்த ஹேரத், ரியோவில் ஈட்டி எறிதலில் வெண்கலமும், 2021இல் நிகழ்ந்த டோக்கியோ விழாவில் 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு பொற்பதக்கமும் பெற்றார். அப்போட்டியில் வெள்ளி பெற்றவர் மேலே கூறிய ஜஜாரியாவே. கொடித்துவக்கு டோக்கியோவில் வெண்கலமும் பாரிசில் வெள்ளியும் பெற்றார்.

இம்மூவரும் ஆடவர்; மூவரும் இலங்கை இராணுவத்தைச் சேர்ந்தவர். சஞ்சயவும் ஹேரத்தும் போரிற் காயமுற்றவர். கொடித்துவக்கு வீதி விபத்திற் கால் சிதைந்தவர். இஃது ஏன் என்பதே நம் ஆராய்ச்சியின் நடுநாயகமான வினா.

இராணுவத்தினர் குறைமட்டுமே பதக்கத்துக்கு ஏற்றது என எவரும் கூறார். அவர்க்கு வாய்த்தவை யாவை எனப் பார்ப்போம். காயமுற்றவுடன் மருத்துவம் கிடைத்தது. அதன்பின் இராகமையிலுள்ள ரணவிரு செவண போன்ற மறுவாழ்வு நிலையம் இருந்தது. மாதந்தோறும் ஊதியம் வந்தமையால் வயிற்றுக்கும் குடும்பத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மைதானம் இருந்தது, பயிற்றுநர் இருந்தனர், இராணுவத்துக்குள்ளேயே பரா விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன, உடன் பயிலும் தோழரும் இருந்தனர். காயத்துக்கு முன்னரே பயிற்சியால் உரம் பெற்ற உடலும் இருந்தது. கொம்புக்கு வேண்டிய ஏணியும் கயிறும் கலமும் ஒருங்கே அமைந்தன என்க. அவர்தம் உழைப்பை இவ்வாறு கூறிக் குறைத்தல் எம் கருத்தன்று. ஏணி இருப்பினும் ஏறுபவன் ஏறித்தானே ஆகவேண்டும்!

ஆனால், அதே போரில் உறுப்பிழந்த குடிமக்கள் எத்தனையோ பேர் உளர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடின்றி வெடிகுண்டும் கண்ணிவெடியும் தொழில் செய்தன. அவருள்ளும் வலிய தோளுடையோர் இருந்திருப்பர். ஈட்டி எறியும் கையுடையோர் இருந்திருப்பர். அவர்க்கு இத்தகைய ஒரு நிறுவனம் பின்னணியாக அமையவில்லை. எனவே, பதக்கப் பட்டியல் யார் திறமுடையர் என்பதை மட்டுமன்றி, யாருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது என்பதையும் காட்டுகின்றது.

தமிழகத்து நால்வர்

படைத்துறையே துணையாதல் வேண்டுமோ என்றொரு வினா எழலாம். வேண்டுவதில்லை என்பதற்குத் தமிழகத்து நால்வர் சான்று.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியிற் பேருந்து மோதி அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. தாயார் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியிற் கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்த அச்சிறுவனை நோக்கிய உடற்கல்வி ஆசிரியர், உயரம் பாய்தலுக்கு வருமாறு அழைத்தார். பதினான்காம் வயதிற் குறையில்லாத மாணாக்கரோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். 2013ஆம் ஆண்டு தேசியப் போட்டியில் அவரைக் கண்ட சத்யநாராயணா என்னும் பயிற்றுநர், பின்னர்ப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். 2016இல் ரியோவில் 1.89 மீற்றர் பாய்ந்து பொற்பதக்கம், டோக்கியோவில் 1.86 மீற்றர் பாய்ந்து வெள்ளி, பாரிசில் 1.85 மீற்றர் பாய்ந்து வெண்கலம். டோக்கியோவில் மழை பெய்ய, சிதைந்த காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து எழும்புதற்குத் தடையாயிற்று என அவர் கூறினார். குறையுடையோர்க்கு ஒரு காலுறையும் பெரும்பொருள் என்பதை இதனால் அறியலாம்.

பாரிசிற் பட்மின்டன் விளையாட்டில் மூன்று தமிழ்ப் பெண்கள் பதக்கம் பெற்றனர். காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளியும், திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா இராமதாஸ் வெண்கலமும், ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவன் வெண்கலமும் பெற்றனர். துளசிமதிக்கு இடக்கையிலும் மனிஷாவுக்கு வலக்கையிலும் குறை. நித்யஸ்ரீ குள்ளமான உடலினர். மூவர்க்கும் குறை பிறப்போடு வந்தது. துளசிமதிக்குத் தந்தையே முதற் பயிற்றுநர்.

நம் நாட்டு மூவரையும் இந்நால்வரையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து உண்மை விளங்கும். முன்னையோர்க்குக் குறை வளர்ந்தபின் வந்தது. பின்னையோர்க்குப் பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ வந்தது. முன்னையோர் அனைவரும் ஆடவர். பின்னையோருள் மூவர் பெண்டிர். முன்னையோர்க்குப் பின்னால் நின்றது இராணுவம். பின்னையோர்க்குத் தொடக்கத்தில் துணைநின்றவை வீடும் பள்ளியும். ஆகவே, எக்குறையுடையார் வெல்வர் என்னும் கேள்விக்குக் குறையை மட்டும் பார்த்து விடைகூறல் இயலாது. குழந்தைப் பருவம் முதற் குறையுடைய ஒரு சிறுவனை அல்லது சிறுமியைக் காலத்தோடு கண்டு களத்துக்கு அழைக்கக்கூடிய நிறுவனம் பள்ளிக்கூடமே. அது கண்ணை மூடிக்கொள்ளின், பிறகு அழைப்பார் இல்லை.

நமது கரையோரம்

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீண்டு செல்லும் நமது கரையோரம் விளையாட்டில் விருப்பம் மிக்கது. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களில், மாலை வேளையில் சந்தாங்கேணி மைதானத்துப் பக்கம் செல்வார் எவரும் இதனை அறிவர். துயரும் இக்கரையோரத்துக்குப் புதிதன்று. முப்பதாண்டுப் போர் இங்கும் தாக்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை மாய்த்தது. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு நேர்ந்தது இம்மாவட்டத்திலேயாம். இன்றோ மோட்டார் சைக்கிள் விபத்தும் நீரிழிவும் கால்களைப் பறிக்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையருள் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனுமொரு செயற்பாட்டில் இடர்ப்படுவதாகக் காட்டியது.

இக்கணக்கை ஒரு கல்லூரிக்குப் பொருத்திப் பார்ப்பின், ஒவ்வொரு தரத்திலும் சிலர் இருத்தல் வேண்டும். அவர் எங்கே? சிலர் பள்ளிக்கே வருவதில்லை. மகளின் குறையை ஊரறிந்தால் திருமணத்துக்கு இடையூறாகும் என்று அஞ்சி வீட்டினுள் வைத்திருக்கும் பெற்றோர், எச்சமயத்தாரிடையேயும் உளர். வருவோர்க்கும் மணலிற் சக்கர நாற்காலி ஓடாது. கழிப்பிடத்தில் அது நுழையாது. பேருந்திற் படி உயரம். இல்ல விளையாட்டுப் போட்டி நாளிலே அவர்க்கு வழக்கமாகக் கிடைப்பது கூடாரத்து நிழலும் புள்ளி எழுதும் தாளுமே. அன்பினால் அளிக்கப்படும் இடந்தான் அது. எனினும், அந்நிழலிலிருந்து எவரும் வீரராக எழுந்ததில்லை.

இதற்கும் அப்பால், உலக அரங்குக்குச் செல்ல வேண்டின் வகுப்புத் தீர்மானிக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். அதற்குத் தலைநகருக்கும் பின்னர்ப் பிறநாட்டுக்கும் செல்லல் வேண்டும். போட்டிக்குரிய சக்கர நாற்காலியோ ஓட்டத்துக்குரிய செயற்கைக் காலோ வாங்கப் பல இலட்சம் ரூபா வேண்டும். கடலுக்குச் செல்வார்க்கும் வயலில் உழைப்பார்க்கும் தறியில் நெய்வார்க்கும் இவை தனித்து இயலுவனவல்ல.

இரண்டு எச்சரிக்கைகள்

இவ்விடத்து இரண்டு தவறான முடிவுகளை விலக்கல் வேண்டும்.

முதலாவது: 'மாரியப்பன் பாய்ந்தாரே, உன்னால் ஏன் முடியாது?' என்று குறையுடைய எவரையும் கேட்டல் கொடுமை. உயரம் பாய்வோரெல்லாம் ஒலிம்பிக் செல்லாதது போலவே, குறையுடையோருள்ளும் மிகச் சிலரே உலக மேடை ஏறுவர். ஒருவர் வெற்றியை மற்றவர் முதுகிற் சவுக்காகப் பயன்படுத்தலாகாது. மேடை ஏறாதவர்க்கும் விளையாட்டு வேண்டும். உடல் நலத்துக்கும், நட்புக்கும், தன்மதிப்புக்கும் வேண்டும்.

இரண்டாவது: 'தடைகளே காரணம், குறை ஒன்றுமில்லை' என்று கூறுவதும் பொருந்தாது. வலி உண்மை, இதயத்தின் எல்லை உண்மை, நனைந்த காலுறையும் உண்மை. குறையை மறைத்துப் பேசுவோர், குறையுடையவர்க்கு வேண்டிய தனிக் கவனத்தையும் மறுத்துவிடுகின்றனர். குறையை மாற்ற எம்மால் இயலாது. தடையை மாற்ற இயலும். இவ்வளவே யாம் கூற விரும்புவது.

கல்லூரி செய்யக்கூடியது

பெரும்பொருள் இன்றியே தொடங்கக்கூடியவை சில உள.

அமர்ந்து ஆடும் கரப்பந்தாட்டம் 1956ஆம் ஆண்டு நெதர்லாந்தில் தோன்றியது. களம் 10 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்டது. வலையின் உயரம் ஆடவர்க்கு 1.15 மீற்றர், மகளிர்க்கு 1.05 மீற்றர். பந்தைத் தொடும்போது உடல் நிலத்தை விட்டு எழலாகாது என்பதே தலையாய விதி. சக்கர நாற்காலியும் வேண்டுவதில்லை. கரப்பந்தாட்டத்தில் விருப்பமுள்ள நம் பகுதிக்கு இதனினும் ஏற்ற தொடக்கம் இல்லை. கால் நன்குள்ள மாணாக்கரும் உடனமர்ந்து ஆடலாம். அப்பொழுது கால் உள்ளவர் இல்லாதவர் என்னும் வேறுபாடே மறைந்துபோகும்.

அமர்ந்தவாறு குண்டு போடுதற்கும் ஈட்டி எறிதற்கும் நிலத்திற் பிணைத்த இரும்பு இருக்கை ஒன்று போதும். நம் ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்விக்கலாம். பார்வையற்றார் உதைபந்தாட்டத்துக்கு ஒலியெழுப்பும் பந்தும், பார்வையுள்ள ஒரு பந்துக் காப்பாளரும், பார்வையாளரின் மௌனமும் வேண்டும். மௌனத்துக்குச் செலவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் இவற்றுக்கு ஏனைய போட்டிகளுக்குரிய அதே புள்ளிகளை வழங்கல் வேண்டும். புள்ளி கிடைக்குமாயின் இல்லத் தலைவர் தாமாகவே அம்மாணாக்கரைத் தேடிச் செல்வர். பரிவுரை ஆயிரம் செய்யாததைப் புள்ளி ஒன்று செய்துவிடும்.

இவற்றோடு, உடற்கல்வி ஆசிரியர் ஒருவரேனும் இத்துறையிற் பயிற்சி பெறுதல் வேண்டும். அயலிலுள்ள முஸ்லிம், கிறித்தவ, இந்துக் கல்லூரிகள் ஒன்றுகூடி ஆண்டுக்கொரு போட்டி நடத்துதல் வேண்டும். ஒரு கல்லூரியில் ஓர் அணிக்கு ஆள் போதாதாயினும் ஐந்து கல்லூரிகளில் போதும். உறுப்பிழந்தவர் எச்சமயத்தார் என்று அலை கேட்கவில்லை. மைதானமும் கேட்க வேண்டுவதில்லை.

இங்கே பழைய மாணவரை நோக்கி ஒரு சொல். மாரியப்பன் தமக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் 30 இலட்சம் ரூபாவைத் தாம் படித்த பள்ளிக்கே அளித்தார். விழா ஆண்டுகளில் பழைய மாணவர் கல்லூரிக்கு வாயில் வளைவும் மண்டபமும் சிலையும் அமைத்தல் மரபு. அவை வேண்டாம் என யாம் கூறோம். அவற்றோடு, வாயிலிலிருந்து மைதானம் வரை சக்கர நாற்காலி செல்லக்கூடிய சீமெந்துப் பாதை ஒன்றும், சாய்தளம் உடைய கழிப்பிடம் ஒன்றும், மேற்கூறிய வலையும் பந்தும் இருக்கையும் இவ்விழாவின் நினைவாக அமையுமாயின், கல்வெட்டிற் பெயர் பொறித்தலினும் அது நெடுங்காலம் நிற்கும்.

மாணாக்கரே! உங்கள் வகுப்பிற் புள்ளித் தாளோடு நிழலில் அமர்த்தப்படும் தோழர் ஒருவர் இருப்பாராயின், அடுத்த விளையாட்டுப் போட்டிக்கு முன் அவரிடம் சென்று, எந்த விளையாட்டில் விருப்பம் என்று கேளுங்கள். இதுவரை அவரை எவரும் அக்கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டபின் விடையைப் பொறுப்பாசிரியரிடம் கூறுங்கள். ஏணியின் முதற்படி அதுவே.